பெயரும் அளவும் காத்திருப்பும்: சங்கரன்கோவில் வட்டாரப் புறக்கடைக் கோழிகளுக்கு ஊசிவழி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள்

ஆய்வுச் சுருக்கம்

புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழி நோயுறும்போது மருந்துக்கடையில் வாங்கிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை ஊசிவழிச் செலுத்துவது தென் தமிழகச் சிற்றூர்களில் காணப்படும் வழக்கமாகும். எந்த மருந்து, எவ்வளவு என்னும் இரு வினாக்களே இவ்வழக்கில் முன்னிற்கின்றன. நோய் பாக்டீரியாவால் வந்ததா என்னும் முதல் வினாவும், மருந்திட்ட பின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்கிவைப்பது என்னும் இறுதி வினாவும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. 'கழிச்சல்', 'ஊசி', 'சிசி' ஆகிய மூன்று வழக்குச் சொற்கள் முறையே நோயறிதலையும் தடுப்பையும் அளவையும் மங்கச் செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மருந்தைத் தேரும் நெறி, அளவைக் கணக்கிடும் முறை, ஊசியிடும் இடம், விலக்குக் காலம், சட்ட வரம்பு ஆகியன சங்கரன்கோவில் வட்டாரத்தை மையமாகக் கொண்டு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புறக்கடைக் கோழி, நாட்டுக்கோழி, கழிச்சல், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, மருந்தளவு, விலக்குக் காலம், சங்கரன்கோவில்.

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில் சங்கரன்கோவில் அமைந்துள்ளது. சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் கைத்தறி நெசவாலும் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றிலும் மானாவாரிக் கரிசல் நிலங்கள் பரந்துள்ளன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆடும் கோழியுமே வீட்டின் கைச்செலவைத் தாங்குகின்றன. கோழி பெரும்பாலும் பெண்களின் உடைமை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவர்கள் கையிலேயே நிற்கும். எனவே ஒரே வாரத்தில் பத்துக் கோழிகள் மடிவது, பண்ணைக் கணக்கில் சிறு இழப்பாயினும், ஒரு வீட்டின் கையிருப்பு முழுவதும் அழிவதற்கு ஒப்பாகும்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள கோழியினங்கள் ஏறத்தாழ 85.18 கோடி. அவற்றுள் புறக்கடையில் வளர்பவை 31.71 கோடி. முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நோக்கப் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை 45.8 விழுக்காடு உயர்ந்துள்ளது. 12.08 கோடிக் கோழியினங்களுடன் தமிழ்நாடு மாநிலங்களுள் முதலிடம் பெற்றுள்ளது. நாமக்கல் போன்ற இடங்களின் வணிகப் பண்ணைகளுக்கு மருத்துவரும் ஆய்வகமும் தீவன வல்லுநரும் உண்டு. புறக்கடைக் கோழிக்கு வாய்ப்பது பெரும்பாலும் அண்டைவீட்டார் சொல்லும் மருந்துப் பெயரும் 'அரை சிசி' என்னும் அளவுமே.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வலியுறுத்துகிறது. நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப்பார்க்கவும் கூறுகிறது. இக்கட்டுரை அந்த வரிசையையே பின்பற்றி, நோயறிதல், மருந்துத் தேர்வு, அளவு, காலம் என அமைகிறது.

1. 'கழிச்சல்' என்னும் பெயர்

கோழி நோய்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் கண்ணுக்குப் புலனாகும் அறிகுறியால் அமைந்தவை. எச்சம் வெளுத்தால் வெள்ளைக் கழிச்சல், குருதி கலந்தால் இரத்தக் கழிச்சல், கொப்புளம் தோன்றினால் அம்மை, மூக்கொழுகினால் சளி. காரணம் இன்னதென்று புலப்படாத அனைத்தும் 'சீக்கு' என்னும் ஒரே சொல்லுள் அடங்கும். அறிகுறியை நுணுகி நோக்கிய மக்களின் கூர்மை இப்பெயர்களில் வெளிப்படுகிறது. எனினும் அறிகுறி ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருக்கும் இடங்களில் இப்பெயர்கள் மருந்துத் தேர்வைப் பிழைபடச் செய்கின்றன.

வெள்ளைக் கழிச்சல் இதற்குத் தக்க சான்று. தமிழ்நாட்டில் இப்பெயர் முதன்மையாக இராணிக்கெட் நோயைக் குறிக்கிறது. இன்றைய உத்தரகண்ட் மாநிலத்து இராணிக்கெட்டில் 1927இல் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயரைப் பெற்ற இந்நோய், உலக அளவில் நியூகாசில் நோய் எனப்படுகிறது. இது வைரசால் வருவது. மறுபுறம், சால்மொனெல்லா புல்லோரம் என்னும் பாக்டீரியா இளங்குஞ்சுகளுக்கு உண்டாக்கும் நோயிலும் எச்சம் சுண்ணாம்புபோல் வெளுத்து ஆசனவாயைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். முன்னதற்கு எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் பயன்படாது. பின்னதற்கு மருந்து உண்டெனினும், பிழைத்த குஞ்சு வளர்ந்து கோழியான பின்னும் கிருமியைத் தாங்கியிருந்து முட்டைவழி அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். பெயர் ஒன்று, காரணம் இரண்டு, செய்யத்தக்கனவும் இரண்டு.

இரத்தக் கழிச்சலின் நிலை வேறு. அதை உண்டாக்குவது ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. ஈரமான குப்பையும் நெரிசலான கூடும் அதனைப் பெருக்கும். ஆம்ப்ரோலியம், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியன இந்நோய்க்கு வாய்வழித் தரப்படுகின்றன. பெனிசிலின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளால் அவ்வொட்டுண்ணி அழியாது. அம்மையும் வைரஸ் நோயே. கொப்புளங்களில் பின்னர்த் தொற்றும் பாக்டீரியாவுக்கன்றி அம்மைக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவையில்லை.

பாக்டீரியாவால் வரும் நோய்களுள் நான்கு இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, பாஸ்டுரெல்லா மல்டோசிடா உண்டாக்கும் கோழிக் காலரா. நன்றாக மேய்ந்த கோழி திடீரென மடிவதும், கொண்டையும் தாடியும் நீலம் பாரிப்பதும், தாடி வீங்குவதும் இதன் குறிகள். பாஸ்டர் 1879-80ஆம் ஆண்டுகளில் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பாற்றல் உண்டாக்கும் முறையைக் கண்டது இந்நோயைக் கொண்டே என்பது நினைக்கத்தக்கது. இரண்டாவது, ஏவிபாக்டீரியம் பாராகேலினாரம் உண்டாக்கும் தொற்றுச் சளி. முகம் வீங்கி, கண் மூடி, துர்நாற்றத்துடன் மூக்கொழுகும். மூன்றாவது, மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் உண்டாக்கும் நாட்பட்ட சுவாச நோய். இரவில் கூட்டருகே நின்றால் கரகரப்பு ஒலி கேட்கும். நான்காவது, பிற நோய்களால் நலிந்த கோழியைத் தாக்கும் ஈ.கோலைத் தொற்று.

இறந்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் இக்குழப்பத்தின் பெரும்பகுதி தீரும். இராணிக்கெட் நோயில் சுரப்பி இரைப்பையின் உட்புறத்தில் குருதிப் புள்ளிகள் காணப்படலாம். கோழிக் காலராவில் கல்லீரலில் வெண்ணிறச் சிறு புள்ளிகளும், இரத்தக் கழிச்சலில் குடல்வால்களில் குருதித் தேக்கமும், சுவாச நோயில் தடித்து மங்கிய காற்றறைகளும் தென்படும். முதலில் மடிந்த ஒரு கோழியைப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வது எஞ்சிய ஒன்பது கோழிகளுக்கும் செய்யும் மருத்துவமாகும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகமும், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் இதற்குரிய இடங்கள். பல கோழிகள் ஒருசேரத் திடீரென மடிந்தால் பறவைக் காய்ச்சலையும் ஐயுற வேண்டும். அந்நிலையில் கோழியை வீட்டில் அறுக்காமலும் வெறுங்கையால் தொடாமலும் கால்நடைத் துறைக்கு அறிவிப்பதே முறை.

2. 'ஊசி' என்னும் சொல்

'கோழிக்கு ஊசி போட்டாயிற்று' என்னும் தொடர் இரு பொருள் தரும். நோய் வருமுன் இடும் தடுப்பூசியும், வந்தபின் இடும் மருந்தூசியும் பேச்சுவழக்கில் 'ஊசி' என்றே வழங்குகின்றன. இதனால் தடுப்பூசி இட்ட வீட்டார் எல்லா நோய்க்கும் காப்பு உண்டென்று கருதுவதும், மருந்தூசி இட்ட வீட்டார் இனி இராணிக்கெட் வராதென்று கருதுவதும் நேர்கின்றன. நோய் பரவிய பின் தடுப்பூசி தேடி வருவதும் இச்சொல்மயக்கத்தின் விளைவே.

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி இருவார முகாமை நடத்திவருகிறது. கோடைக்கு முன் காப்பு ஏற்படுத்துவது இதன் நோக்கம். இதற்கான தடுப்பூசி இராணிப்பேட்டையில் 1932இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் தயாரிப்புகளுள் ஒன்று. புறக்கடைக் கோழிகளைக் கொன்றுகுவிக்கும் முதன்மை நோய் ஒரு வைரஸ் நோய் என்பதால், அவற்றைக் காப்பதில் இம்முகாமின் ஓர் ஊசிக்குள்ள பங்கு எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கும் இல்லை.

அங்ஙனமாயின் 'ஊசி போட்டுப் பிழைத்தது' என்னும் அனுபவக் கூற்று எவ்வாறு எழுகிறது? இராணிக்கெட் பரவும் வீட்டில் பெரும்பாலான கோழிகள் முதல் சில நாள்களில் மடிந்துவிடும். அதன் பின்னரே மருந்து வாங்கப்படுகிறது. அப்போது எஞ்சியிருப்பவை இயல்பாகவே நோயைத் தாங்கிய கோழிகள். அவற்றின் பிழைப்பு மருந்தின் கணக்கில் எழுதப்படுகிறது. பின்தொடர் பாக்டீரியாத் தொற்றைச் சில வேளை மருந்து தணிப்பதும் உண்மை. ஆயினும் கழுத்து முறுக்கிய கோழியை அது நேராக்குவதில்லை.

3. மருந்தைத் தேர்தல்

பாக்டீரியா நோய் என்று உறுதிப்பட்ட பின்னும், ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குக் குடிநீரில் மருந்து கலப்பது எளிது. புறக்கடையில் கோழிகள் சில. அவை ஓடையிலும் வாய்க்காலிலும் நீர் அருந்தக்கூடும். நோய் முற்றிய கோழி நீரே அருந்தாது. இந்நிலையில் குறித்த அளவு உடலுக்குள் செல்வதை ஊசி உறுதிசெய்கிறது. சில மருந்துகளின் இயல்பும் ஊசியை வேண்டுகிறது. ஜென்டாமைசின் குடலிலிருந்து குருதிக்கு ஏறக்குறைய உறிஞ்சப்படுவதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்துடன் பிணைந்து பயனிழக்கும். கேழ்வரகும் கிளிஞ்சல் தூளும் உண்ணும் முட்டைக் கோழிக்கு அவற்றை வாய்வழித் தரும்போது இதைக் கருத வேண்டும்.

மருந்தைத் தேர்வதில் கிருமியின் உடலமைப்பே முதல் வழிகாட்டி. பெனிசிலினும் செஃபலோஸ்போரின்களும் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. ஆகவே நாட்பட்ட சுவாச நோய்க்கு இவ்விருவகை மருந்துகளையும் எவ்வளவு செலுத்தினும் பயனில்லை. டைலோசின், டெட்ராசைக்ளின் வகைகள், டயமுலின் ஆகியன அங்குப் பயன்படுபவை. டயமுலினைத் தரும்போது மோனென்சின், சாலினோமைசின் போன்ற இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த கடைத்தீவனத்தை விலக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நஞ்சாகும்.

இரண்டாவது வழிகாட்டி பறவையின் உடலியல்பு. மாட்டுக்கு நன்மை செய்யும் மருந்து கோழிக்கும் அவ்வாறே நன்மை செய்யும் என்று கொள்ளலாகாது. மாடுகளுக்குப் பெருவழக்காக இடப்படும் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் கலவை இதற்குச் சான்று. ஸ்ட்ரெப்டோமைசின் பறவைகளில் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் தடுத்து மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். கலவையிலுள்ள புரோகெய்ன் சிறு பறவைகளுக்கு நஞ்சு. ஊசியிட்ட சில நிமிடங்களில் கோழி தளர்ந்து விழுந்தால் அதை நோயின் முற்றலென்று கருதிவிடுவதும் உண்டு.

மூன்றாவது வழிகாட்டி மனிதர் நலன். ஃபுளோரோகுயினலோன்கள், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கொலிஸ்டின் ஆகியவற்றை உலகச் சுகாதார நிறுவனம் மனித மருத்துவத்தில் மிக முதன்மை வாய்ந்தவை என வகைப்படுத்தியுள்ளது. கோழிக்கு இடப்படும் என்ரோஃபுளோக்சசின் உடலுக்குள் ஒரு பகுதி சிப்ரோஃபுளோக்சசினாக மாறுகிறது. அதே சிப்ரோஃபுளோக்சசின் மனிதருக்கான மருந்து. அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு என்ரோஃபுளோக்சசின் தருவதை விலக்கியது இக்காரணம் பற்றியே. எனவே இவ்வகை மருந்துகள் கையில் முதலில் அகப்படுபவையாயினும் முதலில் எடுக்கத்தக்கவை அல்ல. ஆய்வகப் பரிசோதனை வேறு வழியில்லை என்று காட்டும்போது மருத்துவர் எடுக்க வேண்டியவை அவை.

4. 'சிசி' என்னும் அளவு

கோழி மருந்தைப் பற்றிய பேச்சில் அளவு பெரும்பாலும் கன அளவாகவே சொல்லப்படுகிறது: 'கால் சிசி', 'அரை சிசி'. மருந்தின் அளவு என்பது அதன் எடை. ஒரு கிலோ உடலெடைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதே மருத்துவ அளவு. குப்பிக்குக் குப்பி செறிவு மாறும்போது ஒரே 'அரை சிசி' வெவ்வேறு மருந்தளவாகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் ஒரு மில்லிலிட்டரில் 50 மி.கி. கொண்டதாகவும், நீடித்துச் செயற்படும் வகையில் 200 மி.கி. கொண்டதாகவும் கிடைக்கிறது. முதலாவதில் அரை சிசி 25 மி.கி. இரண்டாவதில் அதே அரை சிசி 100 மி.கி. குப்பி மாறியதை அறியாமல் பழைய அளவையே இடுபவர் நான்கு மடங்கு மருந்தைச் செலுத்துகிறார்.

கணக்கிடும் முறை எளியது:

செலுத்த வேண்டிய மி.லி. = கோழியின் எடை (கிலோ) × ஒரு கிலோவுக்குரிய மி.கி. ÷ ஒரு மி.லி. மருந்திலுள்ள மி.கி.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். என்ரோஃபுளோக்சசினுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்பது கோழிகளுக்கு, குறிப்பாகக் குடிநீர்வழி தருவதற்கு, பரவலாக அறியப்பட்ட அளவு. கணக்கை விளக்கவே அவ்வளவு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அம்மருந்தைப் பரிந்துரைப்பது நோக்கமன்று. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெட்டைக்குத் தேவை 15 மி.கி. மி.லி.க்கு 100 மி.கி. செறிவுள்ள குப்பியாயின் 0.15 மி.லி., 50 மி.கி. செறிவாயின் 0.3 மி.லி. இட வேண்டும்.

இனி, 100 மி.கி. செறிவுள்ள அதே மருந்தை எல்லாக் கோழிக்கும் 'அரை சிசி' இடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கோழிக்கும் 50 மி.கி. செல்கிறது. நான்கு கிலோ அசில் சேவலுக்கு அது கிலோவுக்கு 12.5 மி.கி. ஆகி, தேவையை ஒட்டி நிற்கிறது. ஒன்றரைக் கிலோப் பெட்டைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 33 மி.கி., அதாவது மூன்று மடங்குக்கு மேல். 300 கிராம் குஞ்சுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 167 மி.கி., அதாவது பதினாறு மடங்குக்கு மேல். சேவலுக்கு ஏற்ற அளவு குஞ்சுக்குக் கேடாக முடிகிறது. எடை பார்ப்பதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. கோழியைத் துணிப்பையில் இட்டுக் கடைத்தராசில் நிறுத்தாலே போதும். கண்ணளவில் சொல்லும் எடையைக் கொண்டு கணக்கிடுவது கணக்கிடாமல் இருப்பதற்கு நிகர்.

அளக்கும் குழலிலும் ஒரு மயக்கம் உண்டு. 0.15 மி.லி. போன்ற சிற்றளவை 5 மி.லி. குழலில் அளக்க இயலாது. எனவே இன்சுலின் குழல் பயன்படுத்தப்படுகிறது. இந்தியாவில் மி.லி.க்கு 40 அலகு குறித்த குழலும் 100 அலகு குறித்த குழலும் விற்பனையில் உள்ளன. 0.15 மி.லி. என்பது முன்னதில் 6ஆம் கோடு, பின்னதில் 15ஆம் கோடு. '15 கோடு' என்று கேட்டறிந்த ஒருவர் 40 அலகுக் குழலில் 15ஆம் கோடுவரை நிரப்பினால் 0.375 மி.லி., அதாவது இரண்டரை மடங்கு செல்லும். ஆகவே அளவைக் கோட்டெண்ணால் அன்றி மில்லிலிட்டரால் எழுதித் தருவதே பிழையைத் தவிர்க்கும்.

குஞ்சுகளின் கணக்கு மேலும் நுண்ணியது. அமெரிக்காவில் ஜென்டாமைசினுக்கு ஒப்புதலளிக்கப்பட்ட அளவு, ஒருநாள் குஞ்சுக்குக் கழுத்துத் தோலடியில் 0.2 மி.கி. கடையில் கிடைக்கும் குப்பியில் ஒரு மி.லி.க்கு 40 மி.கி. உள்ளது. நேரடியாக அளப்பதாயின் 0.005 மி.லி. வேண்டும். எந்தக் குழலாலும் அதை அளக்க முடியாது. ஒரு மி.லி. மருந்துடன் 39 மி.லி. தூய உப்புநீர்க் கரைசலைக் கலந்தால் மி.லி.க்கு 1 மி.கி. ஆகும். அதில் 0.2 மி.லி. என்பது அளக்கத்தக்கது. நீர்த்தல் இன்றி 'ஒரு துளி' இடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவாக முடியும். எனினும் எல்லா மருந்தையும் இவ்வாறு நீர்க்கலாகாது. நீடித்துச் செயற்படும் ஆக்சிடெட்ராசைக்ளினை நீர்த்தால் மெல்லக் கரையும் தன்மை குலைந்துவிடும்.

அளவின் மறுபக்கம் நாள்கணக்கு. கோழி எழுந்து இரை பொறுக்கத் தொடங்கியவுடன் இரண்டாம் நாளிலேயே ஊசியை நிறுத்துவது மிகுதி. எளிதில் அழியும் கிருமிகள் அழிந்து, தாங்கும் கிருமிகள் எஞ்சும் தறுவாயில் மருந்து விலகுகிறது. குறைந்த அளவும் குறைந்த நாளும் ஒரே கேட்டை விளைப்பவை.

5. ஊசியிடும் இடம்

கோழிக்குத் தசைவழி ஊசி இடுவதற்கு ஏற்ற இடம் மார்பெலும்பின் இருபுறமும் உள்ள பருத்த தசை. தொடைத்தசை எளிதில் கைக்கு அகப்படினும் தவிர்க்கத்தக்கது. பறவைகளின் காலிலிருந்து திரும்பும் குருதியின் ஒரு பகுதி உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தினூடாகச் செல்லக்கூடும். அங்கு இடப்படும் மருந்து பயன்தருமுன் வெளியேறவோ, ஜென்டாமைசின் போன்றதாயின் சிறுநீரகத்தைத் தாக்கவோ வாய்ப்புண்டு. மெலிந்த கோழிக்கும் குஞ்சுக்கும் பிடரித் தோலடி ஏற்றது. ஊசிமுனையைச் செருகியபின் சற்றுப் பின்னிழுத்துக் குருதி வரவில்லை என்று உறுதிசெய்தே மருந்தைச் செலுத்த வேண்டும்.

ஆக்சிடெட்ராசைக்ளினும் என்ரோஃபுளோக்சசினும் தசையை எரிச்சலூட்டுபவை. ஒரே இடத்தில் நாள்தோறும் இட்டால் தசை இறுகி அழியும். இடவலமாக மாற்றி இடுவதும், அளவு மிகுந்தால் இரண்டிடத்தில் பகிர்வதும் முறை. ஒரே ஊசிமுனையால் பல கோழிகளுக்கு இடுவது, நோயுற்ற கோழியிலிருந்து நலமான கோழிக்குக் கிருமியைக் கைப்படக் கடத்துவதாகும்.

6. காத்திருப்புக் காலம்

மருந்து கோழியின் உடலில் நுழைந்த பின் முட்டையிலும் ஈரலிலும் தசையிலும் எச்சமாகத் தங்குகிறது. அது நீங்கும்வரை அவற்றை உண்ணாமலும் விற்காமலும் விலக்கிவைக்கும் நாள்களே விலக்குக் காலம். 2012ஆம் ஆண்டு மருந்து விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்கான விலங்குகளின் மருந்துக் கொள்கலனில் விலக்குக் காலம் அச்சிடப்பட வேண்டும். அந்த இனத்துக்குரிய காலம் ஆய்வால் நிறுவப்படவில்லையெனில் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளுக்கும், கோழி மற்றும் பாலூட்டிகளின் இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையாமல் இருத்தல் வேண்டும்.

மாட்டுக்கெனத் தயாரிக்கப்பட்ட குப்பியிலிருந்து கோழிக்கு இடும்போது குப்பியில் காணும் காலம் மாட்டுக்குரியது. கோழிக்கு அது பொருந்தாது. முட்டைக்குரிய 7 நாளும் கீழெல்லையே. முட்டையின் மஞ்சள் கரு இறுதி எட்டு முதல் பத்து நாள்களில் விரைந்து வளர்கிறது. முதல்நாள் இட்ட மருந்து அன்று வளரத் தொடங்கிய கருவில் படிந்து, பத்தாம் நாள் முட்டையில் வெளிப்படலாம். சில மருந்துகள் மேலும் நீண்டு தங்கும். ஒருநாள் குஞ்சுக்கு இட்ட ஜென்டாமைசினுக்கே அமெரிக்காவில் ஐந்து வார விலக்குக் காலம் குறிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிகளுக்கு என்ரோஃபுளோக்சசின் தரவே கூடாது.

சங்கரன்கோவில் வட்டாரச் சூழலில் இக்காலத்தைக் காப்பது எளிதன்று. நாட்டுக்கோழி முட்டை பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் சத்துணவென்று தேடி வாங்கப்படுகிறது. ஊர்க்கோயில் கொடை நாள்களில் சேவலின் தேவையும் விலையும் ஏறும். நோயுற்ற சேவல் இறப்பதற்குள் விற்றுவிடவோ அறுத்துவிடவோ வேண்டும் என்னும் நெருக்கடி வறுமையிலிருந்து எழுவது. ஊசியிட்ட பின்னும் பிழைக்காதெனத் தோன்றும் கோழி அன்றே குழம்பாவது இதன் விளைவு. மருந்தின் செறிவு உடலில் மிகுந்திருக்கும் நாளில் அந்த இறைச்சி உண்ணப்படுகிறது. சமைப்பதால் எல்லா மருந்தெச்சங்களும் அழிந்துவிடுவதில்லை. ஆகவே கோழி கொடைக்கோ விற்பனைக்கோ குறிக்கப்பட்டதாயின், ஊசியிடுமுன் அந்நாளைக் கணக்கிடுவது மருத்துவத்தின் ஒரு பகுதியாக அமைய வேண்டும். காலில் ஒரு வண்ண நூல் கட்டி, ஊசியிட்ட நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது செலவில்லாத வழி.

7. சட்ட வரம்பும் எதிர்ப்பாற்றலும்

கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளிலும் கோழிகளிலும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. அம்மருந்தை வெல்லும் ஆற்றலை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் கடத்தும் மரபணு சீனாவில் கண்டறியப்பட்ட செய்தி 2015இல் வெளிவந்தது. பிற மருந்துகள் தோற்றபின் மனிதருக்கு எஞ்சும் இறுதி மருந்துகளுள் கொலிஸ்டின் ஒன்று என்பதால் அச்செய்தி உலகெங்கும் கவலையை எழுப்பியது. குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோபியூரான்களும் உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்தப்படுவதற்கு 2025இல் தடை விதிக்கப்பட்டது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்பதும் விதிக்கு மாறானது.

எதிர்ப்பாற்றல் என்பது பெரும்பண்ணைகளின் சிக்கல் மட்டுமே என்று எண்ணுதல் பொருந்தாது. பண்ணைக் கோழி கம்பிவலைக்குள் வாழ்கிறது. புறக்கடைக் கோழியோ முற்றத்திலும் அடுக்களை வாயிலிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் எச்சமிடுகிறது. அதன் குடலில் மருந்தைத் தாங்கிப் பெருகிய ஈ.கோலை, வீட்டாரின் கைக்கும் குடிநீருக்கும் வருவதற்குத் தொலைவு மிகக் குறைவு. இடப்படும் மருந்து சிறிதாயினும் மனிதருடன் உள்ள நெருக்கம் மிகுதி.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

புறக்கடைக் கோழிகளின் முதன்மைக் கொல்லியான வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோயாதலின், அதற்கு இடப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறது. பிப்ரவரி முகாமின் தடுப்பூசியே அங்குக் காப்பு.

அறிகுறியால் அமைந்த நோய்ப்பெயர்களை விலக்குவது இயலாது, தேவையுமில்லை. இராணிக்கெட்டைக் 'கழிச்சல்' என்றும் குஞ்சுகளுக்கு வரும் சால்மொனெல்லா நோயைக் 'குஞ்சுக் கழிச்சல்' என்றும் வேறுபடுத்துவது போன்ற முயற்சிகளைத் தமிழ்வழிக் கால்நடை விரிவாக்க நூல்கள் மேற்கொள்ளலாம். 'தடுப்பூசி', 'மருந்தூசி' என்னும் வேறுபாடும் அவ்வாறே நிலைபெற வேண்டும்.

அளவை 'சிசி'யால் சொல்லும் வழக்கு, செறிவு வேறுபட்ட குப்பிகள் பெருகிய இக்காலத்தில் ஆபத்தானது. மருத்துவச் சீட்டில் கோழியின் எடை, மருந்தின் செறிவு, செலுத்த வேண்டிய மில்லிலிட்டர், நாள்கள், முட்டைக்கும் இறைச்சிக்குமான விலக்குக் காலம் ஆகிய ஐந்தும் தமிழில் எழுதப்படுமாயின் பெரும்பிழைகள் நீங்கும்.

மருந்தின் பெயரைக் கேட்டு வருபவருக்குப் பெயரைச் சொல்வது எளிது. கோழி எத்தனை, குஞ்சா பெட்டையா, எடை என்ன, எச்சம் எப்படி, தடுப்பூசி இட்டதுண்டா, முட்டையிடுகிறதா, கொடைக்கு விட்டதா என்று வினவிய பின்னரே சொல்லத்தக்க விடை அது. 1962 என்னும் கால்நடை மருத்துவ அழைப்பு எண்ணும் அரசு மருந்தகமும் அவ்வினாக்களைக் கேட்கும் இடங்களாக அமைந்தால், புறக்கடைப் பெண்ணின் கையிருப்பும் அவள் பிள்ளைகள் உண்ணும் முட்டையும் ஒருசேரக் காக்கப்படும்.